நரம்பில் ஏறியதைத் திரும்பப் பெறுவது எப்படி?

தேவிகுளத்தில் கொழுந்து எடுக்கும் அக்காமாரே, உங்கள் சாக்கில் முத்தல் இலை கிடந்தால் அன்றைக்கே தராசடியில் கண்டுபிடித்துக் கிலோவைக் கழித்துவிடுவார்கள். உங்கள் மகளுக்குப் பிரசவ வார்டில் ஏற்றுகிற பாட்டில் தரமானதா என்று தெரிய மாதக்கணக்கில் ஆகும். தேயிலை சீமைக்காரர் வாயில் போவது, அதற்குக் கண்டிப்பு வேண்டாமா? மருந்து உங்கள் நரம்பில்தானே போகிறது!

2024 நவம்பரில் கர்நாடகத்தின் பெல்லாரி அரசு மருத்துவமனையில் சிசேரியன் ஆன தாய்மார் ஐந்து பேர் அடுத்தடுத்து இறந்தார்கள். அவர்களுக்கு ஏற்றிய ரிங்கர் லாக்டேட் திரவத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. தயாரிப்பு, மேற்கு வங்கத்தின் பஸ்சிம் பங்கா பார்மசூட்டிகல். அதே கம்பெனியின் சில பேட்ச்களைக் கர்நாடக மாநில ஆய்வகம் முன்பே தரமில்லை என்று ஒதுக்கியிருந்தது. கம்பெனி மறுத்தது, கொல்கத்தா மத்திய ஆய்வகம் நல்ல சரக்கு என்றது, பாட்டில்கள் மறுபடி வார்டுக்குப் போயின. மத்திய ஆய்வகம் சொன்னால் முடிந்தது, அதற்கு மேல் பேச்சில்லை என்பது சட்டம். சாவுகளுக்குப் பிறகு கர்நாடகம் தன் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியை சஸ்பெண்ட் செய்து கடமையை முடித்தது.

வங்கம் சும்மா இருக்குமா? டிசம்பரில் அந்தக் கம்பெனியை உற்பத்தியை நிறுத்தச் சொன்னது. ஜனவரியில் மிதுனாப்பூர் மருத்துவக் கல்லூரியில் அதே கம்பெனி பாட்டில் தொங்கியது, ஒரு தாய் இறந்தாள். சீனியர்கள் இல்லாமல் பயிற்சி டாக்டர்கள் அறுவை செய்தார்கள் என்று 12 டாக்டர்கள் சஸ்பெண்ட். தப்பு செய்த டாக்டரைத் தண்டியுங்கள், சரி. நிறுத்தச் சொன்ன கம்பெனியின் சரக்கு ஒரு மாதம் கழித்தும் ஸ்டாண்டில் எப்படித் தொங்கியது என்று யாரைக் கேட்பது? ஸ்டாண்டையா?

சட்டத்தின் கருணையையும் பாருங்கள். 1940-ஆம் வருடத்து மருந்துச் சட்டத்தில், தரமற்ற மருந்துக்கு வழக்கமாகப் பாய்கிற பிரிவு 27(டி). குறைந்தபட்ச அபராதம் 20,000 ரூபாய், ஒன்று முதல் இரண்டு வருடச் சிறை. அந்தச் சிறையும் முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுக்கிறதென்று, 2023-இல் ஜன் விஸ்வாஸ் சட்டம் வந்து, பணம் கட்டிச் சமரசம் செய்துகொள்ள வழி திறந்தது. பெயருக்கு அர்த்தம் மக்கள் நம்பிக்கை. எந்த மக்கள் என்று மட்டும் எழுதவில்லை.

உயிருக்கு ஆபத்தான மருந்தை அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் திரும்பப் பெறவேண்டும் என்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். இடமலைக்குடி முதுவான் குடிகளிலிருந்து நோயாளியைத் தோளில் கட்டித் தூக்கி வருகிறார்கள். கேப் ரோட்டில் மண் சரிந்தால் மூணாறு–பூப்பாறை வழியே அடைபடுகிறது. இந்த மலைக்கு உத்தரவு ஏறி வருவதற்குள் பாட்டில் காலியாகி, குப்பைக் கூடைக்கும் போயிருக்கும்.

கேட்பது பெரிதல்ல. ஏற்றிய ஒவ்வொரு பாட்டிலின் பேட்ச் நம்பரையும் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதுங்கள். தடை செய்த பேட்ச்களைத் தமிழிலும் மலையாளத்திலும் வார்டுச் சுவரில் ஒட்டுங்கள். சோதித்த பிறகு ஊசி குத்துங்கள், குத்திவிட்டுச் சோதிக்காதீர்கள்.

அதுவரைக்கும், ‘திரும்பப் பெற்றுவிட்டோம்’ என்று அறிக்கை விடும் அதிகாரிகள் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்: ‘பாட்டிலை மட்டும்.’