மார்க்கையன்கோட்டைக்கு வராமலே பிள்ளைகளைத் தேற்றுவது எப்படி?

துணை உணவுத் திட்டத்தைக் கண்காணிக்கப் புதிதாக வந்திருக்கும் அதிகாரி நீங்கள். உங்கள் பட்டியலில் சின்னமனூருக்குப் பக்கத்து மார்க்கையன்கோட்டையும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். மேற்கே மலையேறினால் ஏலத்தோட்டம். நேரில் போகலாம்தான், ஆனால் நல்ல அறிக்கைக்கு அது அவசியமில்லை. வழிகள் இதோ.

1. அளவுகோலை மாற்றிக்கொண்டே இருங்கள்.
பிள்ளையைத் திட்டத்தில் சேர்க்கும்போது மேல்கையில் அளவு நாடாவைச் சுற்றுங்கள். 11.5 முதல் 12.5 சென்டிமீட்டருக்குள் இருந்தால் மிதமான மெலிவு. அனுப்பும்போது நாடாவை மறந்துவிட்டு வயதுக்கேற்ற எடையைப் பாருங்கள். இரண்டில் எது தோதாக வருகிறதோ அதை எழுதுங்கள். தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துவிடாதீர்கள்.

2. தாய்க்குப் புரியாத படிவமாகத் தேர்ந்தெடுங்கள்.
1980-இல் உலக வங்கிக் கடனோடு மதுரை மாவட்டக் கொட்டாம்பட்டியில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் ஒரு விபரீதம் நடந்தது. மார்க்கையன்கோட்டை இருக்கும் தேனியும் அப்போது மதுரை மாவட்டம்தான். 6 முதல் 36 மாதப் பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாதவர்களுக்கு 90 நாள் உணவு கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். அட்டையில் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று தாய்க்கே காட்டினார்கள். தாய் கேள்வி கேட்க ஆரம்பித்தால் உங்களுக்கு என்ன வேலை?

3. கொடுத்ததைத் தின்றதாக எழுதுங்கள்.
ஒரு பிள்ளைக்கு நாளுக்கு இத்தனை கலோரி, இத்தனை கிராம் புரதம், ஆண்டுக்கு 300 நாள் என்பது விதி. சத்துமாவுப் பாக்கெட் வீட்டுக்குப் போனதும் அண்ணன், அக்கா, அப்பத்தா எல்லோருக்கும் ஆளுக்கொரு உருண்டை கிடைக்கும். அந்த வீட்டுக் கணக்கு உங்களுக்கு எதற்கு? பாக்கெட் போனது, கலோரியும் போனது.

4. செல்போனிலும் நோட்டிலும் எழுதச் சொல்லுங்கள்.
2021-இல் போஷன் டிராக்கர் செயலி வந்துவிட்டது. பழைய பதிவேட்டையும் விடாதீர்கள். அங்கன்வாடி டீச்சர் இரண்டையும் நிரப்பி முடிப்பதற்குள் பிள்ளைகளைப் பார்க்க நேரமிருக்காது. கட்டங்கள் நிறைந்திருக்கும்.

5. வகுக்கும் எண்ணைக் கையில் வைத்திருங்கள்.
இதுதான் முக்கியமான வித்தை. பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்பியர் நெறிப்படி, திட்டத்தைவிட்டு வெளியேறியவர்களில் 75 சதவீதத்துக்கு மேல் தேறியிருக்க வேண்டும். பாதியில் விட்டவர்கள் 15 சதவீதத்துக்கும், இறந்தவர்கள் 3 சதவீதத்துக்கும் கீழே. இப்போது ஒரு கணக்கு. 40 பிள்ளைகளில் 20 பேர் தேறினார்கள், 2 பேர் தேறவில்லை, 8 பேர் பாதியில் நின்றுவிட்டார்கள், 10 பேர் இன்னும் சாப்பிடுகிறார்கள். வெளியேறியவர்கள் 30 பேர். தேறியவர்கள் 67 சதவீதம், விட்டவர்கள் 27 சதவீதம். இரண்டிலும் தோல்வி. பதற வேண்டாம். அந்த 8 பேரும் பெற்றோரோடு ஏலத்தோட்டத்துக்குப் போய்த் தங்கியவர்கள்தானே? ‘இடம் பெயர்ந்தோர்’ என்று தனிப் பத்தியில் தள்ளுங்கள். 22 பேரில் 20 பேர் தேறினார்கள்: 91 சதவீதம்! ஒரு கரண்டி மாவு கூடுதலாகச் செலவாகவில்லை.

6. பொதுப்படிவம் என்ற பேச்சைத் தட்டிக் கழியுங்கள்.
பஞ்சமும் போரும் வாட்டிய நாடுகளின் துணை உணவு அறிக்கைகளைச் சேவ் த சில்ட்ரன் போன்ற அமைப்புகள் ஒப்பிட முயன்றபோது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகக் கணக்கு வைத்திருந்தது தெரியவந்தது. அதனால்தான் தேறினார், இறந்தார், விட்டார், தேறவில்லை என்பவற்றுக்கு எல்லோருக்கும் ஒரே பொருள், ஒரே வகுக்கும் எண் என்று குறைந்தபட்ச அறிக்கை முறையை வகுத்தார்கள். அது இங்கே வந்தால் ஐந்தாவது வழி அடைபட்டுவிடும்.

எச்சரிக்கை: அங்கன்வாடி ஆயாவிடம் மட்டும் பேச்சுக் கொடுத்துவிடாதீர்கள். அந்த 8 பேர் யார் யார், எந்த எஸ்டேட்டில் இருக்கிறார்கள், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று மூச்சுவிடாமல் சொல்லிவிடுவார். பிறகு அவர்களைத் தேடிப்போக வேண்டிய வேலை உங்கள் தலையில் விழும்.