மிதவைத் தொட்டிக்கு ஒரு புகழுரை

மிதவைத் தொட்டியே, உன் கொடைக்கு ஈடேது? ஒரு சாண் ஆழ வெதுவெதுப்பான தண்ணீர், அதில் நூற்றுக்கணக்கான கிலோ எப்சம் உப்பு. மூடியைச் சாத்தினால் கண்ணுக்கும் வேலையில்லை, காதுக்கும் வேலையில்லை. விளக்கை அணைத்தால் எந்த வீட்டிலும் கிடைக்கிற இருட்டுக்கு மணிக்கணக்கில் விலை வைக்கும் துணிவு உன்னைத் தவிர யாருக்கு வரும்!

உன் முன்னோர் உன்னைவிடத் தாராளம். 1950களின் தொடக்கத்தில் மான்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில், டொனால்ட் ஹெப் மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 20 டாலர் கொடுத்துப் படுக்க வைத்தார். கண்ணில் மங்கல் கண்ணாடி, கையில் அட்டை உறை, தலையைச் சுற்றி மெத்தென்ற தலையணை. சும்மா கிடக்கச் சம்பளம்! அப்படியும் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்கவில்லை. இல்லாத உருவங்கள் அவர்கள் கண்முன் நடமாடின. செலவை ஏற்றது கனடாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியம். இளைஞர்களின் ஓய்வில் ராணுவத்துக்குத்தான் எவ்வளவு அக்கறை!

1954இல் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் ஜான் லில்லி உன்னை உருவாக்கினார். வெளியிலிருந்து எதுவும் வராதபோது மூளை உறங்குமா, விழித்திருக்குமா என்பது அவர் கேள்வி. உன் புகழ் எட்டிய உயரத்தைப் பார்: 1963இல் சிஐஏ எழுதிய விசாரணைக் கையேடு, பிடிபட்டவனின் மன உறுதியைக் குலைக்கும் வழிகளைச் சொல்லும் இடத்தில், லில்லியின் தொட்டிச் சோதனையை எடுத்துக்காட்டியது. வேறெந்த ஓய்வு நிலையத்துக்கு இப்படியொரு நற்சான்று உண்டு?

1971இல் வட அயர்லாந்தில் பிரிட்டிஷார் புலன்களை அடைக்கும் அந்த வித்தையைக் கட்டணம் வாங்காமலே வழங்கினார்கள். கைதிகளின் தலையில் முகமூடிப் பை, காதில் ஓயாத இரைச்சல், சுவரில் கை ஊன்றி நிற்கும் தண்டனை. தூக்கமும் சோறும் இல்லை. 1978இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் நடத்தை என்றது. வாங்கியவர்கள் விரும்பிக் கேட்டதில்லை என்பது ஒன்றுதான் குறை.

உன்னால் பயன் இல்லை என்று யார் சொன்னது? ஓக்லஹோமாவின் டல்சாவில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வில், பதற்றத்தால் அவதிப்பட்ட 50 பேருக்கு ஒரு மணி நேர மிதப்புக்குப் பின் மனம் தணிந்தது. அந்த ஆய்வுக் குளத்துக்கு மூடியே கிடையாது என்பதைச் சொல்லாமல் அந்தப் பெருமையையும் நீயே வாங்கிக்கொள்கிறாய், என்ன திறமை!

ஆனால் உன் தன்னடக்கத்தைத்தான் நான் மிகவும் மெச்சுகிறேன். இத்தனை பெரிய பரம்பரை இருந்தும் வாய் திறப்பதில்லை. உள்ளே படுப்பவருக்கு நினைத்தபோது எழுந்து வரும் உரிமை இருக்கிறது. மான்ட்ரியல் மாணவர்களுக்கும் அது இருந்தது, வட அயர்லாந்துக் கைதிகளுக்கு இல்லை. உன்னை இன்பமாகவும் கொடுமையாகவும் பிரிப்பது அது ஒன்றே. விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அந்தக் கைதிகளைப் பற்றியும் இரண்டு வரி எழுதி மாட்டிவையேன்.