கடல் ரீலின் பேரிங் ஜீர்ணோத்தாரணம்: ஓர் ஆராய்ச்சி

அழியும் பொருள் எது, அழியாப் பொருள் எது என்று நுணுகி ஆராய்ந்த நம் முன்னோர், கடல் தூண்டில்காரனுடைய ரீலுக்குள் சுழலும் பேரிங்கைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமற் போனது, அக்காலத்தில் ரீல் இல்லாத காரணத்தாலேயன்றி, விஷயம் அற்பமானது என்ற எண்ணத்தால் அன்று என்றே கொள்ள வேண்டும். 5 மில்லிமீட்டர் துவாரமும் 11 மில்லிமீட்டர் விட்டமும் உடைய ஓர் எஃகு வளையத்துக்குள், கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்புக் கரைந்த கடல்நீர் புகுந்துவிட்டால், நீர் ஆவியாகிப் போய்விடும். உப்போ, விருந்துக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொள்ளும் உறவினனைப் போல அங்கேயே தங்கிவிடும்.

பூர்வ சரித்திரம் சிறிது உண்டு. 1794-இல் வேல்ஸ் தேசத்துக் கார்மார்த்தனைச் சேர்ந்த பிலிப் வாகன், வண்டி அச்சில் குண்டுகளை உருளவிட்டு அதற்குப் பேட்டண்ட் பெற்றார். 1869-இல் பாரிஸ் நகரத்து ஜூல் சூரிரே அவ்வுபாயத்தைச் சைக்கிளுக்குக் கொண்டுவர, அவ்வாண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில், குண்டு பேரிங் பொருத்திய சைக்கிளில் ஏறிய ஜேம்ஸ் மூர் முதலாவதாக வந்தார். 1921-இல் ஜப்பானின் சாகாய் நகரில் சைக்கிளுக்குப் பிரீவீல் செய்யத் தொடங்கிய ஷிமானோ கம்பெனியோ, 1970-இல் தூண்டில் சாமான்களிலும் இறங்கியது. சைக்கிளுக்கும் மீனுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று கருதுவோர் இந்தப் பரம்பரையைக் கவனிக்கக் கடவர்.

இனி நோய் நாடும் முறை. தார்க்கிகர் முதலிடம் கொடுத்த பிரத்யக்ஷம் இங்கே உதவாது. இருபுறமும் தகடு மூடியிருப்பதால், வெளியே பளபளப்பும் உள்ளே துருவுமாக இருப்பது பேரிங்கின் சுபாவம். (மனிதர்களில் இதற்கு உதாரணம் தேடுவது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.) கைப்பிடியைச் சுற்றுகையில் நறநறவென்று விரலில் தட்டுவதைக்கொண்டு உள்ளே உப்பு உண்டென்று அனுமானிக்கலாம் என்றாலோ, அது பல்சக்கரத்தின் குற்றமாகவும் இருக்கக்கூடும். ஆகவே பேரிங்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பென்சில் முனையில் செருகி, காதருகே பிடித்துச் சுற்றிக் கேட்பதொன்றே ஐயம் தீர்க்கும் வழி.

மூடித்தகட்டைப் பிடித்திருப்பது பிறை வடிவான ஒரு மெல்லிய கம்பி. அதன் ஒரு நுனியில் ஊசியைக் கொடுத்து நெம்பினால் வெளிவரும். வருவதோடு நில்லாமல், அறையின் எந்த மூலையென்று எவரும் சொல்லவியலாத ஓரிடத்துக்குப் பறந்தும் போகும். இதனால் விவேகிகள் இக்காரியத்தை ஒரு பாலிதீன் பைக்குள் கையை விட்டே செய்கிறார்கள். தகடு நீங்கியபின், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில் பெட்ரோலில் ஊறவைத்து, பழைய கிரீஸ் கரைந்து போகுமளவும் அலசி உலர்த்த வேண்டும். அழுக்கினால் வந்த நறநறப்பு இத்துடன் தீரும். துரு அரித்துப் பள்ளம் விழுந்த வளையத்தை எந்தத் திரவமும் சமன்செய்யாது. அதைத் தூக்கி எறிவதே சாஸ்திரம்.

எறிந்த இடத்தில் எதை வைப்பது என்பதில்தான் மதபேதம் பிறக்கிறது. செராமிக் மதத்தாரின் பூர்வபக்ஷம் யாதெனில், சிலிக்கன் நைட்ரைடினால் ஆன குண்டு துருப்பிடிக்காது, எஃகுக் குண்டின் எடையில் பாதிக்கும் குறைவு, ஆகையால் வீச்சு தூரம் கூடும் என்பது. ஸ்பூலே சுழன்று தங்கூசியை விடுகிற ரீல்களில் இதில் உண்மை உண்டு. ஆனால் 1905-இல் இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் இல்லிங்வொர்த் பேட்டண்ட் செய்த வகையின் வழிவந்த ஸ்பின்னிங் ரீலில், வீசும்போது ஸ்பூல் அசைவதே இல்லை. தங்கூசி அதன் விளிம்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகிறது. அசையாத ஒன்றின் வேகத்தைக் கூட்டுவதற்காகப் பணம் செலவிடும் பக்தியை வியக்கலாம், பின்பற்றலாகாது. தவிர, குண்டு செராமிக் ஆனாலும் அது உருளும் வளையங்கள் பெரும்பாலும் எஃகே. அவை துருவேறிய பிறகு குண்டின் அமரத்துவத்தால் யாருக்கு என்ன லாபம்? ஏபெக் 5, ஏபெக் 7 என்ற எண்களைச் சொல்லி மயக்குவோரும் உண்டு; அவை அளவின் துல்லியத்தைக் குறிப்பனவேயன்றி, உலோகம் உப்பைத் தாங்குமா என்பதைப் பற்றி மௌனம் சாதிக்கின்றன.

சித்தாந்தம் இதுவே: சாதாரணக் குரோம் எஃகை நீக்கி, 16 முதல் 18 சதவிகிதம் குரோமியம் உள்ள 440சி எஃகுப் பேரிங்கை வைத்து, மெதுவாகச் சுழலும் இடங்களிலெல்லாம் நீர் நுழைய இடமின்றிக் கடல் கிரீஸை நிறைத்து மூடுக. 440சியும் கடலில் துருப்பிடிக்கும். தாமதமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் உருளைக் கிளட்சுக்கு மட்டும் கிரீஸ் ஆகாது; வழுக்கிவிடும்; துளி மெல்லிய எண்ணெயே போதும். ஈரத் தங்கூசி நேராக ஏறித் திரும்பும் லைன் ரோலரின் பேரிங் பெரும்பாலும் முதலில் சாகிறது. ஒன்றை மட்டும் மாற்றக் காசு இருப்பவர் அதையே மாற்றலாம்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கரை திரும்பியதும் ரீலைக் குழாயின் முழு வேகத்தில் பிடித்துக் கழுவாதீர்கள், அந்த வேகமே மேலிருந்த உப்பை உள்ளே தள்ளிவிடும். டிராக்கை (தங்கூசியை இழுத்துப் பிடிக்கும் பிரேக்கை) இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மெல்லத் தெளித்துத் துடைத்து வையுங்கள்.