தாத்தாவின் சட்டைப்பையும் ஆரஞ்சு மிட்டாயும்: ஒரு கள ஆய்வு

சங்க இலக்கியத்தில் யானை, சங்க இலக்கியத்தில் நண்டு, சங்க இலக்கியத்தில் மடலேற்றம் என்று நம் பல்கலைக்கழகங்கள் கைவைக்காத பொருள் இல்லை. தாத்தாவின் சட்டைப்பையில் கிடக்கும் ஆரஞ்சு மிட்டாயை மட்டும் ஏனோ முனைவர்கள் தீண்டாமல் விட்டுவிட்டார்கள். திரைத்துறைக்கு இருந்த விழிப்புகூட அவர்களுக்கு இல்லை. விஜய் சேதுபதி முதியவராக நடித்து 2015இல் வந்த படத்துக்கு ‘ஆரஞ்சு மிட்டாய்’ என்றே பெயர் வைத்தார்கள். இக்குறை போக்க எழுந்ததே இச்சிற்றாய்வு.

ஆய்வுக்களம் திருவான்மியூர். அஃது ஏன் எனின், மிட்டாயை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கும் முதியவர் எவரும் இல்லை. தாத்தா “தொண்டைக்கு நல்லதுடா” என்பார். பாட்டி “வாயுவைக் கலைக்கும், வாயில போட்டுக்கோ” என்பாள். மருந்து என்ற பெயரில்தான் அது கை மாறும். அகத்தியருக்கு வன்னி மரத்தடியில் சிவபெருமானே மருத்துவம் உபதேசித்தார் என்று மருந்தீசுவரர் கோயில் தலபுராணம் கூறுதலின், இந்தப் போலி மருந்து வணிகத்தை ஆராய இதனினும் பொருத்தமான ஊர் இல்லை. கோயிலைச் சுற்றி மாட வீதிகள், அவற்றில் கடைகள், கிழக்கே நடக்கும் தூரத்தில் கடல், அந்தக் கடற்கரையில் மாலையானால் பென்ஷன்காரர்கள் என்று களமும் தரவும் அருகருகே அமைந்திருப்பது கூடுதல் வசதி.

இனி எல்லை வகுப்பாம். தேன் மிட்டாய் கடித்த இடத்தில் பாகு ஒழுகுவதால் விலக்கப்பட்டது. பஞ்சு மிட்டாயும் ஜவ்வு மிட்டாயும் திருவிழாவைச் சேர்ந்தவை. கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றுக் கோவில்பட்டிக்காரர்களின் பட்டா நிலமாகிவிட்டது. அதற்குள் நுழையும் துணிவு எமக்கில்லை. கமர்கட் கடினமானதுதான். ஆனால் தேங்காயும் வெல்லமும் சேர்ந்து இறுகிய அந்த உருண்டை பல்செட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்துவிடும் ஆகலின் தாத்தாக்கள் அதைக் கையிருப்பில் வைப்பதில்லை. எஞ்சி நிற்பவை சுளை வடிவ ஆரஞ்சு மிட்டாய், சூட மிட்டாய், சீரக மிட்டாய், புளிப்பு மிட்டாய், தாள் சுற்றிய பெப்பர்மெண்ட் வகையறா. பனங்கற்கண்டைச் சேர்க்கலாமா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. சேர்க்க வேண்டும் என்பது பாட்டிகள் துணிபு. பேரன்கள் அதை மிட்டாயாகவே ஒப்புக்கொள்வதில்லை.

பொருளின் இயல்பு பற்றிச் சிறிது. சர்க்கரைப் பாகை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினால் அதில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு நீரே மிஞ்சும். குளுக்கோஸ் பாகு சேர்த்து ஆறவிட்டால் சர்க்கரை கற்கண்டைப் போலப் படிகம் கட்டாது. ஒழுங்கற்று, இருந்த கோலத்தில் உறைந்துவிடும். இயற்பியலார் இந்நிலைக்கு இட்ட பெயர் கண்ணாடி. ஜன்னல் கண்ணாடியும் ஆரஞ்சு மிட்டாயும் அவர்கள் கணக்கில் ஒரே சாதி. மிட்டாய்க் கண்ணாடிக்கு ஒரு பலவீனம்: காற்றில் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும். வறண்ட ஊர்த் தாத்தாவின் பையில் கலகலக்கும் மிட்டாய், கடலோரத் திருவான்மியூரில் சீக்கிரமே பிசுபிசுத்துப்போவது இதனால்தான். தாள் எது, மிட்டாய் எது என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் அத்துவைதமாகிவிடும். தாத்தா அதை மூக்குக்கண்ணாடிக்கு அருகே கொண்டுபோவார். கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டுவார். உரிந்த மட்டும் தாளை உரித்துவிட்டு, உரியாத பங்கைச் சுட்டி, “அது ஒண்ணும் பண்ணாது, முழுங்கிடு” என்று சான்றளித்துக் கையில் வைப்பார்.

பாட்டி வழங்கும் மிட்டாயின் வைப்பிடம் வேறு. சுருக்குப் பையில் வெற்றிலை, கொட்டைப்பாக்கு, மடித்த பத்து ரூபாய் நோட்டு, அர்ச்சனைக் குங்குமம் ஆகியவற்றோடு நாள்பட வாசம் செய்வதால், எந்த நிறத்து மிட்டாயும் இறுதியில் பாக்கு மணமே மணக்கும். தொழிற்சாலைகள் போட்டி போட்டுக்கொண்டு சேர்த்த எசன்ஸ்கள் எல்லாம் சுருக்குப் பையின் முன் தோற்றவையே.

இவ்வாய்வின் நடுநாயக வினாவுக்கு வருவோம். சாக்லேட் மலிந்துவிட்ட காலத்திலும் முதியோர் கெட்டி மிட்டாயையே கொடுப்பது எதற்கு? பழமைப் பற்று என்பாரும் உளர். சிக்கனம் என்பாரும் உளர். அவர் அறியார். சாக்லேட் வாயில் விழுந்த கணமே கரையும், பேரன் ஓடிவிடுவான். கெட்டி மிட்டாய் பத்து நிமிடமாவது தாங்கும். அதுவரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். வாய் அடைபட்டிருப்பதால் குறுக்குக் கேள்வி கேட்கவும் மாட்டான். அடையாறு பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு கிரவுண்டு என்ன விலைக்குக் கிடைத்தது, அதை வாங்காமல் விட்டது யார் பேச்சைக் கேட்டு என்பதையெல்லாம் இடையூறின்றிச் சொல்லி முடிக்கலாம்.

இதற்கு வலுவான சான்று “கடிக்காதே, சப்பு” என்னும் கட்டளை. பல்லைக் காக்கப் பிறந்தது அது என்று உலகம் நம்புகிறது. பல் மருத்துவம் சொல்வதோ வேறு: சர்க்கரை எவ்வளவு நேரம் வாயில் தங்குகிறதோ அவ்வளவுக்குப் பல்லுக்குக் கேடு. நறுக்கென்று கடித்து விழுங்கி வாய் கொப்புளிப்பவனே பிழைத்தான். ஆகவே அக்கட்டளையால் பயனடைவது தாத்தாவின் கதையே என்க. வான்மீகி முனிவரின் பெயரால் ஊர்ப்பெயர் வந்தது என்பது மரபு. முனிவருக்கு இங்கே தனிக் கோயிலும் உண்டு. அதனால் கால அளவையை ராமாயணத்தில் தருவதே முறை. தசரதன் யாகம் தொடங்கும்போது வாயில் இட்ட ஆரஞ்சு மிட்டாய், கைகேயி வரம் கேட்கும்போது தீரும். அணை கட்டி இலங்கை சேர ஒரு கைப்பிடி வேண்டும்.

தொழில் வரலாறு விரிவஞ்சிச் சுருக்கப்படுகிறது. பார்லே 1929இல் மும்பையில் முதலில் செய்தது மிட்டாய்தான், பிஸ்கட் பின்னால் வந்தது. சித்தூரில் நியூட்ரின் தொடங்கியது 1952இல். நெல்லிக்குப்பத்துச் சர்க்கரைக்குப் பேர்போன பாரி நிறுவனத்தின் மிட்டாய்த் தொழில் 2004இல் கொரியாவின் லாட்டேயிடம் போனது. எந்தத் தாத்தாவும் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சட்டச் சிக்கல் ஒன்று உண்டு. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று சென்னை மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023இல் அறிவித்தது. அவர்களில் பலர் தாத்தாக்கள். வீட்டில் இனிப்புக்குத் தடை. இந்நிலையில் சட்டைப்பையில் மிட்டாய் எப்படி இருக்கலாம்? ‘லோ சுகர்’ என்ற இரு சொற்களே இங்கு உரிமம். மருந்து கூடி ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினால் 15 கிராம் சர்க்கரையை உடனே வாயில் போட்டு, 15 நிமிடம் கழித்துச் சோதிக்க வேண்டும் என்பது மருத்துவர் சொல்லும் விதி. ஒரு மிட்டாய் ஏறத்தாழ ஐந்து கிராம் என்று கொண்டால் மூன்று போதும். மருமகள் சட்டையைத் துவைக்கப் போடும்போது கிடைப்பது எப்போதும் மூன்றுக்கு மேல். கேட்டால், “கடற்கரையில வேற யாருக்காவது மயக்கம் வந்தா?” என்று பொதுநலம் பேசுவார்.

வரத்து குறைந்துவருவதே இன்றைய கவலை. தாத்தாக்கள் மிட்டாயைக் காசு கொடுத்து வாங்கியது குறைவு; பெரும்பகுதி சில்லறைக்குப் பதிலாக வந்தது. 25 காசு 2011 ஜூன் 30ஓடு செல்லாமல் போயிற்று. 50 காசு சட்டப்படி செல்லும், கடையில் செல்லாது. அந்த இடைவெளியில் மிட்டாயே நாணயமாக ஓடியது. கடைக்காரர் கொடுப்பார், திருப்பி வாங்கமாட்டார் என்பது இந்நாணயத்தின் தனி இலக்கணம். 2016இல் யு.பி.ஐ. வந்தது. இப்போது தாத்தாவும் கீரைக்கட்டுக்கு ஸ்கேன் செய்கிறார். மீதி இல்லாத இடத்தில் மிட்டாயும் இல்லை.

அதைவிடப் பெரிய கேடு டி-ஷர்ட். திருவான்மியூர்க் கடற்கரையில் மாலையில் நடக்கும் தாத்தாக்களில் பலர் அணிந்திருப்பது, அமெரிக்காவில் இருக்கும் மகன் கொண்டுவந்து கொடுத்த, அவன் கம்பெனிப் பெயர் பொறித்த டி-ஷர்ட். அதில் பை கிடையாது. டிராக் பேண்ட்டில் உள்ள ஒரு பையில் செல்போன், மறு பையில் வீட்டுச் சாவி. மிட்டாய்க்குத் தங்க இடமில்லை.

ஆகவே, வரும் தீபாவளிக்குத் தாத்தாவுக்குத் துணி எடுப்போர் இடப்பக்கம் பை வைத்த அரைக்கைச் சட்டையாகப் பார்த்து எடுக்குமாறு இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. பையில் பிசுக்கு ஏறிவிடும் என்று அஞ்ச வேண்டாம். வெந்நீரில் ஊறப்போட்டால் போய்விடும், சர்க்கரைதானே.