நடக்கச் சொல்லித் துரத்தலாமா?

கேள்வி: என் தங்கைக்கு எட்டு மாதமாக ஓயாத களைப்பு. தைராய்டு, ரத்தசோகை என எல்லா டெஸ்ட்டும் நார்மல். டாக்டர் 'நாள்பட்ட களைப்பு நோய்' என்கிறார். வீட்டிலோ, 'தினம் ஒரு மணி நேரம் நடந்தால் சோம்பல் போய்விடும்' என்கிறார்கள். நடக்கச் சொல்லலாமா?

பதில்: தயவுசெய்து துரத்தாதீர்கள். சோம்பேறி வேலைக்கு முன்னால் படுப்பான். இந்த நோயாளி வேலை முடித்தபின் விழுவார். தலைக்குக் குளித்து முடியைத் துவட்டியதற்கு வட்டி, மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்து நிற்கும். தூங்கி எழுந்தாலும் தெம்பு வராது. பேச்சின் நடுவே சொல் மறந்துபோகும்.

உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் பழைய சிகிச்சையை, பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பான நைஸ் 2021-இல் கைவிட்டுவிட்டது. குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. ஆகவே மாதக் கடைசிச் சம்பளம்போல தெம்பை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யட்டும். குளித்ததும் அரை மணி படுக்கட்டும். உடம்பு நன்றாக இருக்கும் நாளில்தான் கவனம் அதிகம் தேவை. விட்டுப்போன துணியை எல்லாம் அன்றைக்கே துவைக்க உட்கார்ந்துவிடுவார். அந்த வாளியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.