கழன்று வராத மேக்னட்

வெம்பாக்கம் பக்கம் தறிக்குழி உள்ள வீடென்றால் வாசலில் பெரும்பாலும் ஒரு டிவிஎஸ் எக்ஸெல் நிற்கும். நெய்து முடித்த சேலையைப் பாலாறு தாண்டிக் காஞ்சிபுரத்தில் கொடுத்துவிட்டு, பாவும் ஜரிகையும் வாங்கி வர அதைவிடத் தோதான வண்டி கிடையாது. என்னுடையது பழைய எக்ஸெல் சூப்பர், 69.9 சிசி, டூ ஸ்ட்ரோக். 2015-இல் ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸெல் 100 வந்தபோதே மாற்றியிருக்கலாம். "பழசு என்றால் நானே பிரித்து மாட்டிக்கொள்வேன்" என்று வீட்டில் வீறாப்பாகச் சொல்லித் தொலைத்திருந்தேன்.

ஒருநாள் ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தது. மேக்னட் பக்கத்து ஆயில் சீல் தேய்ந்தால் டூ ஸ்ட்ரோக் வண்டி கள்ளக் காற்றை இழுத்து இப்படித்தான் அலறும். நோயைச் சரியாகவே கண்டுபிடித்தேன். என் திறமை அதோடு தீர்ந்துபோனது.

சீலை மாற்ற மேக்னட்டைக் கழற்ற வேண்டும். நட்டைத் திருப்பும்போது கிராங்க் சேர்ந்து சுற்றாமல் இருக்க, பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை விட்டு பிஸ்டனை நிறுத்துவார்கள். புகை வெளியேறும் வழியை பிஸ்டன் மூடிய பிறகுதான் கயிறு உள்ளே போக வேண்டும். நான் அவசரக்காரன். கயிற்று நுனி அந்த வழிக்குள் நுழைந்து, பிஸ்டன் ஏறியதும் துண்டாகி உள்ளேயே தங்கிவிட்டது. குறடோடு நான் மல்லுக்கட்டுவதைப் பார்த்த மனைவி, "துணி காயப்போடுற கயிறுதான் கெடைச்சுதா உங்களுக்கு?" என்றாள்.

எப்படியோ நட்டு வந்தது. மேக்னட் அசையவில்லை.

நட்டுதான் மேக்னட்டைப் பிடித்திருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். அப்படியில்லை. கிராங்க் முனையைச் சரிவாகக் கடைந்திருப்பார்கள். மேக்னட் ஓட்டையிலும் அதே சரிவு. நட்டை இறுக்கும்போது இரண்டும் கவ்விக்கொள்ளும், நட்டை எடுத்தாலும் விடாது. நடுவில் இருக்கும் சின்னச் சாவி டைமிங் பிசகாமல் உட்காரத்தான். பளுவெல்லாம் சரிவின் மேல். லேத் பட்டறையில் டிரில்லைப் பிடித்திருக்கும் மோர்ஸ் டேப்பரும் இதே சங்கதிதான். அதில் 20 மி.மீ. நீளத்துக்கு விட்டம் சுமார் 1 மி.மீ. தான் குறையும். அந்தச் சொற்பச் சரிவுக்கே அவ்வளவு பிடி.

கனடாக்காரர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலில் முன் கிளட்ச் இப்படித்தான் கிராங்க் முனையில் உட்கார்ந்துகொண்டு அடம்பிடிக்கும். அதன் நடு ஓட்டையில் கிரீஸையோ தண்ணீரையோ நிரப்பி புல்லர் போல்ட்டை இறுக்குவார்கள். திரவம் அமுங்காது என்பதால் அழுத்தம் ஏறி கிளட்ச் பட்டென்று வெளியே வந்துவிடும். நம் மேக்னட்டில் தண்டு ஊடுருவி வெளியே நிற்பதால் அந்த வித்தை செல்லாது. இதெல்லாம் பிற்பாடு கற்ற ஞானம். அன்று என் கையில் இருந்தது சுத்தியல்.

தண்டு முனையில் அடித்தேன். முனை காளான் போல விரிந்தது. பின்பக்கம் ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பினேன். ஸ்குரூடிரைவர் வளைந்ததோடு காயில் கம்பியும் உரிந்தது. கடைசியில் ஒரு புல்லரை இரவல் வாங்கி, மரை முழுக்க ஏறும் முன்பே போல்ட்டை முறுக்கினேன். நறநறவென்று ஒரு சத்தம். தெருக்கோடி மெக்கானிக் பையன் வந்து குனிந்து பார்த்தான்.

"அண்ணா, மரை போயிடுச்சுண்ணா."

"யாருக்குப்பா?" என்று உள்ளேயிருந்து என் மனைவி கேட்டாள்.

அவன் மூன்று கால் புல்லர் கொண்டுவந்து மாட்டினான். பலத்தையெல்லாம் காட்டாமல் இறுக்கிவிட்டு, போல்ட் தலையில் சுத்தியலால் ஒரே தட்டு. டங்கென்று மேக்னட் அவன் மடியில் விழுந்தது. நானும் தட்டியவன்தான். இழுத்துப் பிடித்திருக்கும்போது தட்ட வேண்டும் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தண்டுக்கு டை ஓட்டி, பழைய மேக்னட் ஒன்றும் வேறு காயிலும் தேடிப் போட்டதில் ஒரு சேலைக் கூலியில் நல்ல பங்கு கரைந்தது.

பெரிய சேதம் என் விரல்களில்தான். தோல் பிசிறியிருந்தால் பட்டு இழை தொட்ட இடத்திலெல்லாம் மாட்டி இழுக்கும். நகக்கண்ணில் கிரீஸ் வேறு. தறியில் ஓடிக்கொண்டிருந்ததோ மாம்பழ மஞ்சள். கறை பட்டால் முதலாளி கூலியில் பிடிப்பார். எலுமிச்சையும் சர்க்கரையும் வைத்துத் தேய்த்தும் கறுப்பு போகவில்லை. விரல் ஆறும்வரை மனைவிதான் தறியில் உட்கார்ந்தாள். அவள் நெய்த இடம் மற்ற இடத்தைவிடச் சீராக இருப்பதாக முதலாளி சொன்னார். சேலை முழுக்க நான் நெய்தது என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

மெக்கானிக் பையன் தன்னிடமிருந்த ஆயில் சீலையே போட்டுவிட்டான். நான் வாங்கி வைத்தது உறை பிரிக்காமல் அலமாரியில் கிடக்கிறது. பழைய எக்ஸெல் சூப்பர் வைத்திருப்பவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். மாட்டித் தரச் சொல்லாதீர்கள்.