அங்கெல்லாம் பெரியப்பா

ஏற்காட்டுக்குப் போகிற வேனில் முன்சீட்டுக்கு எப்போதும் அடிதடிதான். வாந்தி வருகிறவர்களுக்கு முதல் உரிமை, மூட்டுவலிக்காரர்களுக்கு அடுத்த உரிமை என்றெல்லாம் பேசி முடித்திருப்பார்கள். வண்டி கிளம்பும்போது பார்த்தால் அங்கே உட்கார்ந்திருப்பவர் அங்கெல்லாம் பெரியப்பா. சேலத்தில் வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் தெருவுக்கு ஒருவர் தேறுவார்.

பிள்ளையோ பெண்ணோ சிங்கப்பூரில் வேலை பார்க்கும். ஒரு முறை அழைத்திருப்பார்கள். போய் ஒரு மாதம் இருந்து, அதில் ஒரு நாள் செந்தோசா தீவில் 2010-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கும் போய் வந்திருப்பார். அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டிவிடுகிற சாமர்த்தியம் இவருக்கு உண்டு. வாட்ஸாப்பில் முகப்புப் படம், பூங்கா வாசலில் சுழலும் பெரிய உலக உருண்டைக்கு முன்னால் கைகட்டி நிற்பது. காலில் அன்றைக்கு வாங்கிய ஷூ. தலையில் அதே உருண்டை போட்ட தொப்பி. கழுத்தில் பாஸ்போர்ட் பை. உள்ளே பாஸ்போர்ட் இருக்காது. ஆதார் ஜெராக்ஸும் பி.பி. மாத்திரையும் இருக்கும்.

முந்தின நாள் இரவே குடும்பக் குழுவில் நேர அட்டவணை வந்துவிடும். காலை 7.30 அடிவாரம். 8.30 லேடீஸ் சீட். 9.10 பகோடா பாயின்ட். 9.45 சேர்வராயன் கோயில். "அங்கெல்லாம் கேட் தொறக்கறதுக்கு முன்னாடியே போய் நின்னுரணும். இல்லேன்னா நாள் பூரா க்யூதான்" என்று கீழே ஓர் எச்சரிக்கை. மறுநாள் எல்லோரும் தயாராகி வாசலில் நிற்க, பெரியப்பா உள்ளே பூஜையை முடித்து, இட்லி சாப்பிட்டு, மறந்துபோன மாத்திரைக்குத் திரும்பப் போய், வேன் கொண்டப்பநாயக்கன்பட்டி தாண்டும்போது மணி ஒன்பதரை. அட்டவணைப்படி அந்த நேரம் பகோடா பாயின்ட்டில் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் 20. சமவெளியிலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடுகிற பாதை. ஐந்தாவது வளைவில் கடைசி சீட்டிலிருந்து எலுமிச்சம்பழ வாசனை கிளம்பும். ஏழாவதில் ஒரு குழந்தைக்கு பாலிதீன் பை தேவைப்படும். பெரியப்பாவுக்கு இதெல்லாம் காதில் விழாது. பின்பக்கம் செல்போனை நீட்டி அங்கே எடுத்த வீடியோவைக் காட்டிக்கொண்டிருப்பார். டைனோசர் பகுதியில் பூங்காக்காரர்கள் அமைத்திருக்கும் காடு. பாறையில் தண்ணீர், புகை மாதிரி பனி, எங்கிருந்தோ ஓர் உறுமல். "தத்ரூபமா பண்ணிருக்கான் பாரு. நெசக் காடு தோத்துரும்!"

அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே நிஜக் காடு போய்க்கொண்டிருக்கும். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து வளர்த்த மலை இது. சில்வர் ஓக் மரங்கள், அவற்றைப் பற்றி ஏறும் மிளகுக் கொடி, நிழலில் காபிச் செடிகள், நடுவில் பாதி தூரம் மூடிய மேகம். பார்க்கச் சொல்லி யாராவது தோளைத் தட்டினால், வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு பார்வை பார்ப்பார். "அங்கெல்லாம் இதுக்கே தனியா டிக்கெட் வாங்குவான்" என்பார். அவர் அகராதியில் அது பாராட்டு.

ஏரிக்கரைப் படகுத்துறையில் க்யூ. அதைக் கண்டதும் பெரியப்பா முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். க்யூ அவருடைய பாடம். அங்கே ஒவ்வொரு விளையாட்டுக்கும் எத்தனை நிமிஷம் காக்க வேண்டும் என்று வாசலிலேயே பலகை எரியும், யாரும் யாரையும் இடிக்க மாட்டார்கள், வரிசை பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும் என்று முன்னால் நிற்கும் தர்மபுரிக் குடும்பத்துக்கும் சேர்த்து வகுப்பெடுப்பார். எடுத்துக்கொண்டே குதிகாலை உயர்த்தி, டிக்கெட் கவுன்டரில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்.

"அங்க எக்ஸ்பிரஸ் பாஸ்னு ஒண்ணு இருக்கு. கூடக் காசு குடுத்தா தனி வாசல். நேரா உள்ள விட்டுருவான். என்ன ஒரு ஐடியா!"

"ஸ்பெஷல் தரிசனம்" என்றார் பெரியம்மா.

அத்துடன் அந்தப் பேச்சு நின்றது. மிதி படகில் ஏறியபின் மிதிக்கிற வேலையைத் தம்பி மகன்களிடம் விட்டுவிட்டு, ஏரி நடுவில் திசை சொல்லிக்கொண்டிருந்தார். சேர்வராயன் மலை ஏரியில் படகு தன்னிஷ்டத்துக்குத்தான் போகும் என்பது ஊருக்கே தெரியும்.

அண்ணா பூங்காவில் கோடை விழா மலர்க்காட்சி. பூக்களால் செய்த உருவங்களுக்கு முன்னால் ஊரே செல்போனோடு நெரிந்துகொண்டிருந்தது. பெரியப்பா இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டார். குப்பைத் தொட்டி எத்தனை அடிக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்ததில் அவருக்குத் திருப்தி இல்லை. கையிலிருந்த ஐஸ்கிரீம் கப்பை என்ன செய்தார் என்று நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

குரங்கு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அங்கே ஷ்ரெக் மாதிரி வேஷம் கட்டிய ஆட்கள் வந்து நிற்பார்களாம். அவர்களோடு படம் எடுக்கவும் வரிசையாம். பகோடா பாயின்ட் போகும் வழியில் வேனை நிறுத்தி இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, கல்சுவரில் உட்கார்ந்திருந்த ஒன்று எந்த வரிசையும் இல்லாமல் இறங்கி வந்தது. மற்றவர்களின் கையில் சிப்ஸும் பஜ்ஜியும் இருக்க, அது குறிவைத்தது தொப்பியை. ஒரு இழுப்பு. மறுபடி கல்சுவர். உலக உருண்டையைப் புரட்டிப் பார்த்து, ஓரத்தைக் கடித்து, இது தின்கிற வஸ்து இல்லை என்று தெரிந்ததும் பள்ளத்துப் பக்கம் விட்டுவிட்டது. "பன்னெண்டு டாலர்!" என்று பெரியப்பா போட்ட கூச்சலில் மற்ற குரங்குகளும் கூடிவிட்டன. டிரைவர் பொரி உருண்டையை வீசிக் காட்டியும் பயனில்லை. தொப்பி இப்போது சேர்வராயன் மலையின் சொத்து.

மதியம் சாலையோரம் மரத்தடியில் பேப்பர் விரித்துப் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும். தொப்பியில்லாத தலையோடு பெரியப்பா மெளனமாகச் சாப்பிட, பேரன்தான் கேட்டான், சிங்கப்பூர்ப் பூங்காவில் அந்த ரெட்டை ரோலர்கோஸ்டரில் சிவப்பில் ஏறினீர்களா, கால் தொங்குகிற நீலத்திலா என்று. பதில் பெரியம்மாவிடமிருந்து வந்தது.

"இவரா? காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்து பை காவல். ஒரு தண்ணி பாட்டில் விலை கேட்டுட்டு வந்தாரு, அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் பேசவே இல்ல. பேச ஆரம்பிச்சதும் என்ன சொன்னாரு தெரியுமா? இந்தக் காசுக்கு நம்ம ஏற்காட்டுல மொத்தக் குடும்பமும் ரெண்டு நாள் இருந்துட்டு வரலாம்டி, லேடீஸ் சீட் காத்து இங்க வருமா, அந்த மொளகா பஜ்ஜி இங்க கெடைக்குமான்னு நாள் பூரா ஏற்காடு புராணம். பையன் வெறுத்துட்டான்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியப்பா அசரவில்லை. "பி.பி. இருக்கறவங்க ஏறக் கூடாதுன்னு போர்டு வெச்சிருந்தான். அங்கெல்லாம் ரூல்ஸ்னா ரூல்ஸ்" என்றபடி இன்னொரு கரண்டி வறுவல் போட்டுக்கொண்டார்.

யோசித்துப் பார்த்தால் அவர் கஷ்டம் நியாயமானது. சிங்கப்பூரில் எந்த விலையைப் பார்த்தாலும் அறுபதால் பெருக்க வேண்டியிருந்தது. பெருக்கிப் பெருக்கியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இங்கே அறுபதால் வகுக்கிறார். பஜ்ஜித் தட்டு ஒரு டாலர்கூட இல்லை, கரடிக் குகைப் பக்கம் காப்பி கால் டாலர் என்று வகுக்க வகுக்க மனிதருக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. லேடீஸ் சீட்டுக்குச் சாயங்காலம்தான் போய்ச் சேர்ந்தோம், அட்டவணைக்கு ஒன்பது மணி நேரம் தாமதமாக. கீழே சேலம் ஒவ்வொரு விளக்காக ஏற்றிக்கொண்டிருந்தது. அங்கே மட்டும் பெரியப்பா எதையும் ஒப்பிடவில்லை. அதோ ஜங்ஷன், இதோ அஞ்சு ரோடு, அதுக்கு இந்தப் பக்கம் நம்ம மொட்டை மாடி என்று விரலால் காட்டிக்கொண்டே இருந்தார். தப்பாகத்தான் காட்டினார், மறுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

இறங்கத் தொடங்கும் இடத்தில் ஓர் அம்மா பலாப்பழம் வைத்திருந்தார். வண்டியை நிறுத்தச் சொன்னார் பெரியப்பா. விலை முந்நூறு.

"அஞ்சு டாலர்" என்று எங்களிடம் சொன்னார். "நூத்தம்பது குடுக்கலாம்மா" என்று அந்த அம்மாவிடம் சொன்னார்.

சிங்கப்பூர்ப் பூங்காவில் ஒரு நாள் முழுக்க ஒரு பொருளுக்கும் பேரம் பேச முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்த மனிதர். பழத்தைத் தட்டினார், காம்பை முகர்ந்தார், போன வருஷ விலையைச் சொன்னார், போகிற மாதிரி இரண்டடி நடந்தார், திரும்பி வந்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நூற்றெண்பதுக்குப் படிந்தது. வாங்கியபின்தான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. யார் மடியும் சம்மதிக்கவில்லை. கடைசியில் நடைபாதையில் கிடத்தினார்கள்.

இருபது வளைவுகளிலும் அந்தப் பலாப்பழம் முன்னுக்கும் பின்னுக்கும் உருண்டது. அது வரும்போதெல்லாம் மொத்த வேனும் அலறிக்கொண்டு காலைத் தூக்கியது. குழந்தைகளுக்கு வாந்தி மறந்துபோனது. அடிவாரம் வந்ததும், இன்னொரு தடவை மேலே போய்விட்டு வரலாமா தாத்தா என்று கேட்டார்கள்.